தாத்தாவின் 'ஆஸ்துமா' பரம்பரை நோய்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இளவயது மாரடைப்பு பற்றிய செய்திகள் பெரும்பாலும் 'பரம்பரை' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகின்றன. அந்தச் சொல்லுக்குள் மரபணுவோடு வீட்டு வருமானம், பார்த்த வேலை, தாயின் வயிற்றுப் பட்டினி எல்லாம் அடங்கியிருப்பதை யாரும் எழுதுவதில்லை.

1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படைகள் உணவு வரத்தைத் தடுத்ததால், நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஒரு கட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 1,000 கலோரிகூடக் கிடைக்கவில்லை. கருவுற்ற முதல் மாதங்களில் அந்தப் பட்டினியில் சிக்கிய தாய்மாரின் பிள்ளைகள் ஏறக்குறைய சரியான எடையுடனேயே பிறந்தார்கள். ஆனால் ஐம்பது வயதையொட்டி அவர்களிடம் இதய நோய் அதிகம் காணப்பட்டது.

லண்டன் அரசு ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. எல்லோருக்கும் நிலையான வேலை, இலவச மருத்துவம். இருந்தும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயரதிகாரிகளைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்தும் அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியைத்தான் விளக்கின.

ஆகவே மருத்துவர் "வீட்டில் யாருக்காவது சுகர், பிரஷர் உண்டா?" என்று கேட்கும்போது "அப்பாவுக்கு இருந்தது" என்றால் போதாது. இறந்த வயதைவிட நோய் தொடங்கிய வயதுதான் முக்கியம். தந்தை, சகோதரருக்கு 55 வயதுக்கு முன்போ, தாய், சகோதரிக்கு 65 வயதுக்கு முன்போ இதய நோய் வந்திருந்தால் அது எச்சரிக்கை. பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு 60 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், கண்டறிந்த வயதில் 10 கழித்த வயது அல்லது 40, இவற்றில் எது முந்தியதோ அப்போதே பரிசோதனை தொடங்க வேண்டும். அவருக்கு 45 என்றால் உங்களுக்கு 35.

பார்த்த வேலையையும் சொல்லுங்கள். 'தாத்தாவுக்கு ஆஸ்துமா' என்பார்கள். அவர் கல் உடைத்தவர் என்றால், அது நுரையீரலில் படிந்த சிலிக்கா தூசியாக இருக்கலாம். பேரனும் அதே தூசியில் நிற்காதவரை அது அவனுக்கு வராது.

இன்னொரு குறை இறப்புச் சான்றில் இருக்கிறது. 'இதயம் நின்றது' என்பது காரணமே அல்ல. எல்லோருக்கும் கடைசியில் அதுதான் நடக்கிறது. மருத்துவர் நிரப்பும் படிவத்தில் முதல் வரி உடனடிக் காரணம், கீழே கடைசி வரி அடிப்படைக் காரணம். ரத்தத்தில் கிருமித் தொற்று, அதற்குக் காரணம் காலில் அழுகிய புண், அதற்கும் காரணம் நீரிழிவு என்று மூன்று வரியும் இருக்க வேண்டும். முதல் வரியோடு நிறுத்தினால், குடும்பத்தில் நீரிழிவு இருந்ததே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போகும். சான்றில் கையெழுத்திடும் மருத்துவர்கள் அந்தக் கடைசி வரியைத் தவறாமல் நிரப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பொதுநல மருத்துவர்