அப்புச்சிக்கு எல்லாம் புரிகிறது

அன்புள்ள கண்ணு,

போனில் நீ கேட்டாயே, "நான் பேசினா அப்புச்சிக்குப் புரியுமாம்மா?" என்று. வீடு நிறைய ஆட்கள் இருந்ததால் அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சுதான் போயிருக்கிறது, நாம் சொல்வது புரியும் கண்ணு. பார்க்க வருகிறவர்கள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "பெரியவருக்கு மூளை கலங்கிப் போச்சுங்களா?" என்று என்னைக் கேட்கிறார்கள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். எனக்கு நெஞ்சு எரிகிறது. வெளியூரில் இருக்கும் நீயும் அப்படி நினைத்துவிடக் கூடாது என்றுதான் இதை விலாவாரியாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் மூளைப் படத்தைக் கரும்பலகையில் வரைந்தவள் நான். பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்று பாகம் குறிக்கச் சொல்லி மார்க் போட்டவள். இப்போது என் அப்பாவுடைய மூளையே ஸ்கேன் படமாக என் கையில் இருக்கிறது. படத்தில் வலப்புறம் தெரிவது அவருடைய இடப்புறம். எதிரில் நின்று பார்ப்பது போலத்தான் அந்தப் படத்தை எடுப்பார்கள். அங்கே நெற்றிப் பொட்டுக்குச் சற்று மேலே கறுப்பாக ஒரு திட்டு. மற்ற இடமெல்லாம் அவர் வயசுக்கு நன்றாகவே இருக்கிறது.

ஒன்றே கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் மூளை. உடம்பின் எடையில் நூற்றில் இரண்டு பங்குதான், ஆனால் நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே வாங்கிக்கொள்கிறது. சேமித்து வைக்கவும் அதற்கு வழியில்லை. ரத்தம் நிமிஷத்துக்கு நிமிஷம் வந்துகொண்டே இருக்க வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் ஒரு மடை அடைத்துக்கொண்டால் அந்த மடைப் பாசனம் மட்டும் காய்கிறதே, அதேதான் இங்கேயும் நடந்தது. இடப்பக்க நடுப் பெருமூளைத் தமனியில், மேல் கிளையில் ஒரு ரத்தக்கட்டி. பெரிய ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்கிறார்கள். இவருக்குத் தூக்கத்திலேயே வந்துவிட்டது, எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. மூளைக்கு வலியை உணரும் நரம்பும் கிடையாது. வலித்திருந்தால் எழுந்து எங்களைக் கூப்பிட்டிருப்பார்.

வலது கைதானே விழுந்தது, இடப்பக்கம் எப்படிப் பாதிப்பு என்று உன் மாமா கேட்டான். மூளையிலிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பகுதி முகுளத்தின் அடியில் பக்கம் மாறி இறங்குகிறது. அதனால் இடது மூளை வலது உடம்பை ஆள்கிறது. இன்னொன்றும் கவனித்தாயா? அப்புச்சி தடி ஊன்றி நடக்கிறார், ஆனால் கை அசையவில்லை, வாயும் ஒரு பக்கம் கோணி நிற்கிறது. மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற டாக்டர் 1930களில், நோயாளி விழித்திருக்கும்போதே மூளையின் மேல் மெல்லிய மின்சாரம் வைத்து, எங்கே தொட்டால் எது அசைகிறது என்று வரைபடம் போட்டார். முகமும் கையும் பக்கவாட்டில் இருக்கின்றன. காலுக்கான இடம் உச்சிக்குப் போய் நடுப் பிளவுக்குள் இறங்குகிறது. அந்த இடத்துக்கு ரத்தம் தருவது வேறு தமனி. அவர் கால் தப்பியது இப்படித்தான்.

சரி, பேச்சுக்கு வருகிறேன். அப்புச்சி வாயில் இப்போது வருவது "அதானுங்க" என்ற ஒரே சொல்தான். காபி வேண்டுமென்றாலும் அதானுங்க, கோபம் வந்தாலும் அதானுங்க. ஆனால் கேட்கிற அதானுங்க வேறு, அதட்டுகிற அதானுங்க வேறு. குரலின் ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு வலது மூளையின் வேலை, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

இவரைப் போலவே ஒருவர் பாரிஸில் இருந்தார். லெபோர்ன் என்று பெயர். முப்பது வயதில் பேச்சு போய், பிசெத்ர் ஆஸ்பத்திரியிலேயே வாழ்ந்தார். என்ன கேட்டாலும் "தான், தான்" என்றுதான் சொல்வாராம். ஆஸ்பத்திரியில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. 1861இல் அவரைப் பால் ப்ரோக்கா என்ற டாக்டர் பார்த்தார். லெபோர்னுக்கு வலது கையோடு காலும் விழுந்திருந்தது. இங்கே வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று ப்ரோக்கா கேட்டபோது, இடது கையை நான்கு தடவை விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று. சரியான கணக்கு. சில நாளில் அவர் இறந்ததும் மூளையைப் பார்த்தால், இடது நெற்றிப்பக்கத்தின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. அந்த இடத்துக்கு இன்றைக்கும் ப்ரோக்காவின் பெயர்தான். அந்த மூளையைப் பாரிஸில் பாதுகாத்து வைத்து, நம் காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தும் பார்த்திருக்கிறார்கள், ப்ரோக்கா நினைத்ததைவிட உள்ளே ஆழமாகச் சேதம் இருந்தது. ஆகவே பேச்சு என்பது ஒரு சின்ன இடத்தின் வேலை மட்டும் இல்லை. 1874இல் கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகை நோயாளிகளைப் பற்றி எழுதினார். இவர்கள் கடகடவென்று பேசுவார்கள், ஆனால் அர்த்தம் இருக்காது, நாம் சொல்வதும் அவர்களுக்குப் பிடிபடாது. அந்த இடம் காதுக்கு மேலே, பின்பக்கமாக இருக்கிறது. அப்புச்சி ஸ்கேனில் அது சுத்தமாக இருக்கிறது கண்ணு. நான் டாக்டரிடம் விரலை வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கண்ணபுரம் சந்தையில் கடைசியாக ஒரு ஜோடி காங்கேயம் காளை கைமாற்றிவிட்டாரே, அதற்கு என்ன விலை என்று மாமா சும்மா கேட்டான். அப்புச்சி "அதானுங்க, அதானுங்க" என்று திணறினார், கண் கலங்கிவிட்டது. சட்டென்று தோள் துண்டை இடது கையால் இழுத்து மாமா கைமேல் போட்டார். துண்டுக்கடியில் அவன் விரலைப் பிடித்து அழுத்தினார், விட்டார், மறுபடி இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தார். தரகர்கள் சந்தையில் விலை பேசுகிற அதே முறை. எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. மாமா விலையைச் சொன்னதும் அப்புச்சி தலையை ஆட்டிச் சிரித்தார் பார், அந்தக் கோணல் வாயோடு. மூளை போய்விட்டது என்று பேசியவர்கள் அப்போது இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு அதிசயமும் இருக்கிறது. ஏழு என்று தனியாகச் சொல்ல வராது, ஆனால் ஒன்று இரண்டு என்று நான் ஆரம்பித்தால் கூடவே எண்ணிப் பத்து வரைக்கும் போகிறார். மார்கழி பஜனைப் பாட்டை நான் எடுத்துக் கொடுத்தால் வார்த்தை வார்த்தையாகப் பாடுகிறார். இது புதுசு இல்லை. பேச முடியாமல் போன ஒருவர் தேவாலயப் பாட்டுகளைப் பாடினார் என்று ஸ்வீடனில் 1745லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஊறிப்போன பாட்டும் வரிசையும் யோசித்துக் கோர்க்கிற பேச்சோடு ஒரே வழியில் வருவதில்லை. வலது மூளைக்கும் அடிமூளைக்கும் அதில் பங்கு உண்டு. பாஸ்டனில் 1970களில் இதையே ஒரு பயிற்சியாக மாற்றினார்கள். ஈரோட்டிலிருந்து வரும் ஸ்பீச் தெரபிஸ்ட் பெண்ணும் "தண்ணி வேணும்" என்பதை ராகம்போல இழுத்து, இடது கையால் தாளம் தட்டிச் சொல்ல வைக்கிறாள். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் நின்றுவிடாது என்கிறாள். நாங்கள் விடுவதாக இல்லை.

நீ வீடியோ கால் போடு. காலை ஏழு மணிக்குப் போடு, சாயங்காலம் சோர்ந்துவிடுவார். ஒரு தடவைக்கு ஒரு விஷயம், சின்ன வாக்கியம். சுற்றி வளைத்த நீளமான வாக்கியம் மட்டும் அவருக்குச் சில சமயம் நழுவுகிறது. கத்திப் பேசாதே, காது நன்றாகக் கேட்கிறது. குழந்தையிடம் பேசுவது போலவும் பேசாதே, அது அவருக்குப் பெரிய அவமானம். அவர் சொல்லைத் தேடும்போது நீ எடுத்துக் கொடுக்காமல் காத்திரு. ஆமாவுக்கும் இல்லைக்கும் சில நேரம் தலையாட்டல் மாறிவிடும், இன்னொரு தடவை கேட்டுக்கொள். பேச்சின் நடுவே அழுதாலும் போனை வைத்துவிடாதே. அழுகையை அடக்கும் பிடிமானம் இந்த நோயில் தளர்ந்துவிடும், அதோடு உண்மையான துக்கமும் இருக்கிறது. இரண்டுக்கும் நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

உனக்கு ஒன்று. அப்புச்சிக்கு பி.பி. இருந்தது, மாத்திரையைப் பாதியில் விட்டிருந்தார். எனக்கும் இருக்கிறது, நான் ஒழுங்காகப் போடுகிறேன். இந்த வாரமே நீ ஒரு கிளினிக்கில் அளந்து பார்த்து மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா