செய்தித்தாளில் மடித்து வந்த கிளை

அன்புள்ள குடியிருப்புவாசிகளுக்கு,

ஊஞ்சல் பக்கத்து மஞ்சள் அரளிக் கொட்டையைத் தின்ற பிள்ளை, மருத்துவமனையிலிருந்து வீடு வந்துவிட்டான். நேற்றிரவு நன்றாகத் தூங்கினானாம். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை மறுபடி எழுதத் தெம்பில்லை. நன்றியைத் தள்ளிப்போடவும் மனமில்லை.

ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த அண்ணன், லிஃப்டைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பிகள், இரவெல்லாம் இதயத் துடிப்பைக் காட்டும் ஈசிஜி திரையை விட்டுக் கண்ணெடுக்காத செவிலியர்கள், மருத்துவர்கள், பெற்றவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோன வீடுகள், அத்தனை பேருக்கும் தோட்டக் குழுவின் சார்பில் கைகூப்புகிறோம்.

மற்றதெல்லாம் பெருக்க வரும் அக்காவுக்கு.

அக்கா, எல்லோரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நீங்கள் மட்டும் செடியிடம் போனீர்கள். செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தது ஒரு சாண் கிளை. இலை, மணி போன்ற மஞ்சள் பூ, பச்சைக் காய் மூன்றும் அதிலேயே இருந்தன. கூடவே, கல்லால் தட்டி உடைத்த கொட்டை. ஒரு பாதியில் பருப்பு இருந்தது, மறுபாதி காலி. தாளின் ஓரத்தில் பேனாவால் ‘5.20’ என்று நேரம்.

வெறும் இலையைக் கொண்டுபோயிருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது. ‘அரளி’ என்று நாம் பல செடிகளைச் சொல்கிறோம். செவ்வரளிக்கு இலை கணுவுக்கு மூன்றாக, தோல் போலத் தடித்திருக்கும். காய் நீண்ட நெற்று. மஞ்சள் அரளிக்கு இலை ஒன்றுவிட்டு ஒன்றாக, மெலிதாகப் பளபளக்கும். காய் சதைப்பற்றோடு முக்கோணமாக இருக்கும், பழுத்தால் கறுக்கும். இரண்டின் நஞ்சும் இதயத்தைத்தான் பிடிக்கும். மஞ்சள் அரளியில் செடி முழுவதும் நஞ்சு, அதிலும் பருப்பில் மிக அதிகம். பருப்பு வயிற்றுக்குள் போயிருக்கலாம் என்று காட்டிய அந்தக் காலிப் பாதிதான் மருத்துவரை நிமிர வைத்தது.

இதயத் தசையில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம் மாற்றும் பம்பை இந்த நஞ்சு முடக்கிவிடுகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், நாடி தளரும், துடிப்பு தடம் மாறும். முதலில் வாந்தி மட்டும் வந்து நின்றுவிடலாம். பிள்ளை தெளிவாகப் பேசுகிறானே என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டால் போச்சு. குறைந்தது 24 மணி நேரம் ஈசிஜியில் வைத்துப் பார்ப்பது அதனால்தான்.

உப்புத் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டதும் நீங்கள்தான். அப்போது சிலர் கோபித்துக்கொண்டார்கள். செய்தது சரி, அக்கா. வாந்தி எடுக்க வைத்தால் அது மூச்சுக்குழாயில் இறங்கலாம். உப்பு மிகுந்தால் அதுவே குழந்தைக்கு ஆபத்து. வாயில் மிச்சமிருப்பதைத் துப்ப வைத்து, வாயைக் கொப்புளிக்கச் செய்து, உடனே கிளம்ப வேண்டும். கரித்தூள் மருந்து கொடுப்பதும் கொடுக்காததும் மருத்துவர் முடிவு.

இரண்டு நாளாக எங்கள் மனம் மற்றச் செடிகளையே சுற்றுகிறது. மாடிப்படி ஓரத்து டீஃபன்பேக்கியா என்ற அழகுச்செடியைக் கடித்தால் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் நாக்கில் குத்தும். குழந்தை அலறித் துப்பிவிடும். உடனே வலிக்காததுதான் எங்களுக்குப் பயம். வேலியில் ஏறியிருக்கும் செங்காந்தளின் கிழங்கில் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. தின்று சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும், சில நாளில் எலும்பு மஜ்ஜையே அடிவாங்கும். குண்டுமணியின் ஓடு கெட்டி. முழுசாக விழுங்கியது பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றாலோ, பாசி கோக்கத் துளையிட்டதை விழுங்கினாலோ கதை வேறு, உள்ளிருக்கும் நஞ்சு உடம்பில் இறங்கிவிடும்.

வரும் ஞாயிறு ஊஞ்சல் பக்கத்து மஞ்சள் அரளியை வேரோடு எடுக்கிறோம். உதவ வருபவர்கள் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடியோடு வாருங்கள். வெட்டினால் பால் தெறிக்கும். தழையை எரிக்கக் கூடாது, புகையும் நஞ்சு. ஆடு மாடு வாய்வைக்கும் இடத்தில் போடவும் கூடாது, காய்ந்தாலும் நஞ்சு போகாது. மரம் போனாலும் கொட்டைகள் மண்ணில் கிடக்கும். மழைக்குப் பின் முளைப்பவற்றையும் பிடுங்க வேண்டும். அரிவாளையும் கத்தரியையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உள்ளே வைக்க வேண்டும்.

மற்றச் செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கிறோம். அக்கா, எந்தச் செடியை நீங்கள் என்ன பெயரில் கூப்பிடுவீர்கள் என்று சொல்லுங்கள். முதலில் அந்தப் பெயரைத்தான் எழுதப் போகிறோம்.

கண்ணீரோடும் நன்றியோடும்,
தோட்டக் குழு