காங்கேயத்துச் சிரிப்பு

அன்புள்ள பங்காளிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடுதாசி. களத்தில் கொப்பரை காய்கிறது. வானம் மூடிக்கொண்டால் நடுராத்திரியில் எழுந்து தார்ப்பாய் இழுக்க வேண்டியிருக்கிறது. மற்றபடி பொழுது ஓடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயம். பேரன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். உனக்குத் தெரியும், நம் பக்கம் வண்டி ஒவ்வொன்றாகத்தான் ஓடும், ஜெயிப்பதும் தோற்பதும் வினாடிக் கணக்கில். ஒரு வண்டி வந்து நின்றது. மைக்காரர் நேரத்தை வாசித்தார். அடுத்த வண்டி அதைவிட இம்மியளவு முந்தியது. உடனே மைக்கில் கத்தினார், "சபாஷ்! சரியான போட்டி!" கூட்டம் விசிலடித்தது.

பக்கத்தில் நின்ற பையனிடம், "தம்பி, இது யார் சொன்ன வசனம் தெரியுமா?" என்று கேட்டேன். "மீம்ஸுல வருமுங்க" என்றான்.

அதைச் சொன்னவர் இதே காங்கேயத்தில் 1911இல் பிறந்த சினிமா வில்லன் பி.எஸ்.வீரப்பா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அடுத்த மாடு கிளம்பிவிட்டது. சொல்லாமல் விட்டது ராத்திரி முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது. அதைத்தான் உன்னிடம் கொட்டுகிறேன்.

பி.எஸ்.வீரப்பாவை நாம் முதன்முதலில் பார்த்தது டூரிங் கொட்டகையில். படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் கேவாகலரில் எடுத்தது, தமிழின் முதல் முழுநீளக் கலர் படம். நமக்கு வந்து சேரும்போது பிரிண்ட் கீறல் விழுந்து, கலரெல்லாம் வெளிறிப் போயிருந்தது. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தோம். திருடர் தலைவனாக வீரப்பா குகை வாசலில் நின்று தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார் பார், நீ என் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். இல்லை என்று சொல்லாதே. துண்டு எனது. உன் அமுச்சிப் பாட்டி மட்டும் பயப்படவில்லை. "நாசமாப் போறவன், சிரிக்கறதைப் பாரு" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அப்புறம் ஒரு வருசம் நீ சோறு உண்ணாவிட்டால் வீரப்பா வருவான் என்றுதானே உன்னை மிரட்டினார்கள்!

அந்தச் சிரிப்பைப் பற்றி இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நம்பியார் என்றால் கையைப் பிசைவார், கண்ணை ஓரமாக உருட்டுவார், குரலைத் தாழ்த்திக்கொள்வார். பக்கத்தில் வந்து காதில் விஷம் ஊற்றுகிற வில்லன் அவர். அசோகன் சொல்லை இழுத்து நீட்டிப் பயமுறுத்துவார். வீரப்பாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவைப்படவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, அடிவயிற்றிலிருந்து சிரிப்பை எடுத்து விடுவார். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்கும் எட்ட வேண்டிய சிரிப்பு அது. நம் சிவன்மலையில் அவர் நாடகம் போட்டதை முருகன் கோயிலுக்கு வந்த கொடுமுடி சுந்தராம்பாள் பார்த்துவிட்டு, பட்டணம் போகச் சொன்னார் என்றுதான் ஊரில் சொல்வார்கள். அந்த அம்மா நடித்த 'மணிமேகலை'தான் (1940) இவருக்கும் முதல் படம்.

பதினாறு பதினேழு வருசம் சின்னதும் பெரியதுமாக நடித்து, 1957, 58இல்தான் மனுசன் கொடி பறந்தது. 'சக்கரவர்த்தி திருமகள்', 'மகாதேவி', 'நாடோடி மன்னன்', 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' எல்லாம் அந்த இரண்டே வருசத்தில். 'நாடோடி மன்னன்' படத்தில் ராஜகுரு இவர், கூடவே நம்பியாரும். ஒரே படத்தில் இரண்டு பேரையும் சமாளிக்க எம்.ஜி.ஆருக்கு இரண்டு வேஷம் தேவைப்பட்டதில் ஆச்சரியமே இல்லை.

'மகாதேவி'யில் "மணந்தால் மகாதேவி, இல்லையேல் மரணதேவி" என்பார். கண்ணதாசன் எழுதிய வசனம். ஒரு காலத்தில் கல்யாணம் ஆகாத பயல்கள் எல்லாரும் இதைச் சொல்லித் திரிந்தார்கள். ஆனாலும் ரேக்ளா மைக்கில் வந்தது அதுவல்ல, மற்றதுதான். காரணம் என்னவென்று போனில் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் அது வரும் நாட்டியக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பத்மினி ஆடிக்கொண்டிருக்கிறார், வைஜெயந்திமாலா வந்து எதிரே நிற்கிறார். உட்கார்ந்து பார்க்கும் வீரப்பா முகத்தில் அந்த வினாடி சதியும் இல்லை, குரோதமும் இல்லை. வில்லன் வேலையை மறந்துவிட்டு, நல்ல ஆட்டம் பார்க்கக் கிடைத்த சந்தோஷத்தில் வாய்விட்டுச் சொல்கிறார். ரேக்ளாவுக்குப் போகிற நாமும் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறோம். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் இரண்டு காளையை எதிரெதிரே நிறுத்தினால் உன் முகமே அப்படித்தான் ஆகும்.

அப்புறம் ராஜா ராணிக் கதைகள் ஓய்ந்தன. வாள் போய் கோட்டு சூட்டு வந்தது. வில்லன் மெதுவாகப் பேச வேண்டிய காலம். வீரப்பா படம் எடுப்பதில் முனைந்தார். அவர் தயாரித்த 'ஆலயமணி', 'ஆனந்த ஜோதி', 'ஆண்டவன் கட்டளை' மூன்றும் 1962 முதல் 64க்குள் வந்தவை. நம் வீட்டுப் பெண்கள் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த 'ஆலயமணி' யார் எடுத்த படம் என்று உன் அமுச்சிக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் நம்பியிருக்கவே மாட்டார்.

சிவன்மலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களே, பக்தர் கனவில் வந்த பொருளை, ஆண்டவன் உத்தரவு என்று. அந்த மலையடியில் நாடகம் ஆடினவர் தன் படத்துக்கு 'ஆண்டவன் கட்டளை' என்று பெயர் வைத்திருக்கிறார். தற்செயலாகத்தான் இருக்கும். நான் மட்டும் படி ஏறும்போதெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.

1998 நவம்பரில் போய்ச் சேர்ந்தார், 87 வயது.

பேரனுக்கு அந்தக் காட்சியைக் காட்டினேன். வசனம் அவனுக்கு முன்பே பாடம், சிரிப்புதான் புதுசு. அன்றிலிருந்து இடுப்பில் கை வைத்துக் களத்து நடுவில் நின்று சிரிக்கிறான். கொப்பரை கொத்த வரும் காக்கைகள் பறந்துவிடுகின்றன. காக்கை விரட்டக் களத்தில் கட்டியிருந்த பழைய சேலையை நேற்று அவிழ்த்துவிட்டேன்.

தைப்பூசத் தேருக்கு இந்தத் தடவை சாக்குச் சொல்லாமல் வா. முட்டி சரியில்லை என்றால் மலை ஏற வேண்டாம், அடிவாரத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். புது எண்ணெய் ஆட்டி வைத்திருக்கிறேன், இரண்டு லிட்டர் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். கண்டக்டரிடம் மறக்காமல் வாங்கிக்கொள். போன தடவை மாதிரி பஸ் டெப்போவுக்குப் போனபிறகு போன் பண்ணாதே.

உன்
பங்காளி
காங்கேயம்