சாயங்காலம் வரும் கைகளைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள்

மதுரைக்குத் தெற்கே பெருங்குடி, வலையங்குளம், எலியார்பத்தி, திருமங்கலம் என்று ஊர் ஊராகக் கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கு,

வணக்கம்.

நான் பூக்கட்டும் ஓர் அம்மாவின் மகள். மருத்துவம் படித்தவள் இல்லை. மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மாவுக்கு முடக்குவாதம் வந்த பிறகு அந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். புரியாததை, அம்மாவைப் பார்க்கும் வாத நோய் மருத்துவரிடம் சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேட்பேன். உங்களிடம் ஒரே ஒரு காரியம் கேட்கத்தான் இந்த மடல். அதற்கு முன்னால் மல்லிகைப்பூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மல்லிகை மொட்டை விடியும் முன் எடுத்துவிட வேண்டும். நாலு, நாலரைக்கே தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு பெண்கள் தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். வெயில் ஏறினால் மொட்டு தளர்ந்துவிடும். எடுத்ததை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பியது போக மிச்சத்தைக் கட்டுவார்கள். கட்டுவது முழுக்க விரல் நுனி வேலை. இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, காம்போடு காம்பு சேர்த்துப் பிடிக்க வேண்டும். வலது கையால் நூலை ஒரு சுற்று சுற்றி, விரலில் கண்ணி போட்டு, இழுத்து இறுக்க வேண்டும். இறுக்கம் கூடினால் காம்பு அறுந்துவிடும், குறைந்தால் பூ உதிர்ந்துவிடும். அம்மா இதை டிவி பார்த்துக்கொண்டே செய்வார்.

2017 சித்திரையில், திருவிழாவுக்குப் பூ கேட்டு ஆட்கள் வாசலில் நிற்கிற நேரத்தில், ஒருநாள் விடியக்காலையில் அம்மா என்னை எழுப்பினார். "இங்க பாரு தாயி, கை நம்ம சொல்லுக் கேக்க மாட்டேங்குது." விரல்கள் பாதி மடங்கி நின்றன, நீட்டவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. தூக்குவாளியில் வெந்நீர் வைத்துக் கையை அதற்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டரை மணிக்கு மேல்தான் விரல் லேசாக இளகியது. பத்து, பதினோரு மணிக்கெல்லாம் சரியாகிவிட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

பகலில் வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு யார் போவார்கள்? உங்கள் கிளினிக்குகளும் சாயங்காலம் ஆறு மணிக்குத்தானே களைகட்டுகின்றன. அம்மா ஆறரைக்குப் போனார். அந்த நேரத்தில் அவர் கை நல்ல கை. டாக்டர் மடக்கச் சொன்னார், மடக்கினார். நீட்டச் சொன்னார், நீட்டினார். "என்னம்மா, வேலை ஜாஸ்தியா?" "ஆமா சார்." முடிந்தது. ஓர் ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை.

பதினாலு மாதம் இப்படியே போனது. ஊசி போட்ட மறுநாள் அம்மா முன்னைப் போலப் பூக்கட்டுவார். நாலைந்து நாளில் விரல்கள் திரும்பவும் பழைய நிலைக்குப் போய்விடும். அந்த ஊசியில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. முகம் உப்பியது. "நல்லா பூசினாப்பல ஆயிட்ட" என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் சர்க்கரை வந்தது. நடுவில் ஒருவர் யூரிக் ஆசிட் என்றார். இன்னொருவர், 2006இல் ஊரே படுத்த சிக்குன்குனியாவின் மிச்சம் என்றார். ஒருவர் ஆர்.ஏ. ஃபேக்டர் டெஸ்ட் எழுதினார். நெகட்டிவ் என்று வந்ததும் "முடக்குவாதம் கிடையாது, பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார். நாங்களும் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றிவிட்டு வந்தோம்.

கடைசியில் வாத நோய் மருத்துவரிடம் போனபோது அவர் அம்மாவின் கையை எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். மொளிகளின் ஓரத்தில் எலும்பு, கரையான் தொட்ட பலகை மாதிரி சின்னச் சின்னதாகக் குழிந்திருந்தது. "இது திரும்ப வளராதும்மா. இனிமே அரிக்காமப் பாத்துக்கலாம்" என்றார். இப்போது நோய் கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் நான்கு விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. காம்போடு காம்பு சேராது. அம்மா இப்போது பூக்கட்டுவதில்லை, மற்றவர்கள் கட்டுவதற்கு மொட்டைத் தரம் பிரித்துக் கொடுக்கிறார்.

உங்கள் வாசலில் அறுபது பேர் உட்கார்ந்திருப்பதும், ஒவ்வொருவருக்கும் உங்களால் மூன்று நிமிடத்துக்கு மேல் தர முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நம்பி வருகிறவர்கள் நாங்களேதான். அதனால்தான் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்குகிற ஒன்றைக் கேட்கிறேன்.

இந்த நோயில் ஆராய்ச்சி இன்று எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். முடக்குவாதம் மூட்டில் தொடங்குவதில்லை. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நம் மூட்டுச் சவ்வைப் பகையாளியாக நினைத்துத் தாக்குகிறது. அந்தத் தவறுக்கான அடையாளம், அதாவது ஆன்டி சிசிபி போன்ற எதிர்ப்பொருள், கை வீங்குவதற்குப் பல வருடம் முன்னாலேயே ரத்தத்தில் வந்துவிடுகிறது. பீடி சிகரெட் புகையும், ஈறு நோயும் அதற்குத் துணைபோவதாகக் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் நோய் முழுதாக மூட்டில் இறங்குவதற்கு முன்பே அதைத் தடுக்க முடியுமா? இதைத்தான் இப்போது சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அப்பிப்ரா ஆய்வு அதற்கு ஒரு பதில். இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் எதிர்ப்பொருளும் மூட்டு வலியும் இருந்து, வீக்கம் இன்னும் வராத 213 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு ஒரு வருடம் வாராவாரம், எதிர்ப்பு சக்தியின் வேகத்தைத் தணிக்கும் அபாடசெப்ட் ஊசி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. வருடக் கடைசியில் மருந்து போட்டவர்களில் 6 சதவீதம் பேருக்கே முடக்குவாதம் வந்தது. வெறும் ஊசி போட்டவர்களில் 29 சதவீதம் பேருக்கு வந்தது. ஊசியை நிறுத்தி இன்னொரு வருடம் கழித்துப் பார்த்தால் அது 25க்கு 37 என்று நெருங்கிவிட்டது. நோயை அடியோடு ஒழிக்க முடியவில்லை, தள்ளிப்போட முடிந்திருக்கிறது. ஒரு பூக்காரிக்கு நோய் கொஞ்ச காலம் தள்ளிப்போவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எத்தனை முகூர்த்தம், எத்தனை சித்திரை!

ஆனால் அந்த ஊசி விலை கூடியது. எங்களுக்கு அது இப்போதைக்கு இல்லை என்பதையும் புரிந்துகொண்டிருக்கிறேன். புதிது புதிதாக நிறைய வருகின்றன. 2025 ஜூலையில் அமெரிக்காவில், கழுத்து நரம்பைத் தூண்டி வீக்கத்தை அடக்கும் ஒரு சின்னக் கருவிக்குக்கூட அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நல்ல விஷயம், நடக்கட்டும். என்னைக் கட்டிப்போட்டது வேறு ஓர் ஆய்வு.

நெதர்லாந்தின் லைடன் நகரத்துக்காரர்கள் 2022இல் வெளியிட்டது அது. மூட்டு வலி இருந்து, ஸ்கேனில் மட்டும் அழற்சி தெரிந்த 236 பேரில் பாதிப் பேருக்குத் தொடக்கத்தில் ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசியும், ஒரு வருடம் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் கொடுத்தார்கள். நோய் வருவதை அது தடுக்கவில்லை. ஆனால் வலியும் காலை இறுக்கமும் குறைந்தன, ஸ்கேனில் அழற்சி குறைந்தது, மாத்திரையை நிறுத்திய பின்னும் அந்த நன்மை இரண்டாவது வருடம் வரை நின்றது. மெத்தோட்ரெக்ஸேட்டோ பழைய மாத்திரை. அம்மாவுக்கு வாரத்துக்கு ஆகும் செலவு இரண்டு டீ குடிக்கிற காசு. உலகம் முழுக்க முடக்குவாதத்துக்கு முதலில் கையில் எடுப்பது இன்றும் அதைத்தான்.

அந்த மாத்திரைக்கும் நம் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கும் சம்பந்தம் உண்டு. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிக் குழுவை நடத்தினார். அந்தக் குழுதான் அமினோப்டெரின் என்ற புற்றுநோய் மருந்தையும், அதன் தங்கச்சி மாதிரியான மெத்தோட்ரெக்ஸேட்டையும் உருவாக்கியது. சுப்பாராவ் 1948இலேயே இறந்துவிட்டார். முடக்குவாதத்துக்கு அதைக் கொடுக்கலாம் என்று அமெரிக்க அரசு அனுமதித்தது 1988இல்தான். அம்மா வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதை விழுங்கும்போது எனக்கு சுப்பாராவ் ஞாபகம் வரும்.

இதே மாத்திரையைக் கேட்டுப் போனபோது மருந்துக்கடையில் ஒரு தம்பி, "இது கேன்சர் மாத்திரையாச்சே, எதுக்குச் சாப்பிடுறீங்க?" என்று கேட்டுவிட்டான். அம்மா மூன்று வாரம் தொடவேயில்லை. புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவு வேறு, இதற்குக் கொடுக்கும் சின்ன அளவு வேறு என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருந்தால் போதும்; உங்கள் சொல்லை எங்கள் ஊர் கேட்கும். இன்னொன்று. இது வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிடுவது. தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டு உயிரை விட்டவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். உங்களிடம் யாராவது இந்தச் சீட்டோடு வந்தால் அதில் கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதிக்கொடுங்கள். கர்ப்பமாக நினைக்கிற பெண்ணுக்கும், பால் கொடுக்கிற பெண்ணுக்கும் இது ஆகாது. அவர்களுக்கு வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1948இல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் ஒரு முடக்குவாத நோயாளிக்கு கார்ட்டிசோன் கொடுத்து எழுந்து நடக்க வைத்தார், 1950இல் அதற்கு நோபல் பரிசும் வாங்கினார். மெத்தோட்ரெக்ஸேட் வேலையைத் தொடங்க ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதால், அதுவரைக்கும் தாங்குவதற்குக் கொஞ்ச நாள் கொடுத்துப் பிறகு குறைத்து நிறுத்துகிறார்கள். அம்மாவுக்கு நடந்தது அதுவல்ல. அந்த ஊசி வலியை மறைத்தது, நோய்க்குப் பெயர் வைக்கிற நாளைத் தள்ளிப்போட்டது.

அறிகுறி தொடங்கி ஆறு வாரத்துக்குள் வாத நோய் மருத்துவர் பார்த்துவிட வேண்டும், மூன்று மாதத்துக்குள் மருந்து தொடங்கிவிட வேண்டும் என்று ஐரோப்பிய மருத்துவர்கள் வழிமுறை வைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் பதினாலு மாதம் ஆனது. இந்தப் பதினாலு மாதத்தைக் குறைக்க ஸ்கேன் வேண்டாம், விலை கூடிய ஊசி வேண்டாம். உங்கள் மேசைக்கு முன்னால் இருக்கும் ஸ்டூலில் வைத்தே முடிகிற காரியம் அது.

கை வலி என்று ஒரு பெண் வந்தால், "காலையில எந்திரிச்சதும் கை மடங்குதா? சரியாக எவ்வளவு நேரமாகுது?" என்று கேளுங்கள். அரைமணிக்கு மேல் என்று சொன்னால் சுதாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கைகுலுக்குகிற மாதிரி அவள் கையைப் பிடித்து, நான்கு விரல்களின் அடி மொளிகளையும் பக்கவாட்டில் சேர்த்து லேசாக அழுத்துங்கள். முகம் சுளிக்கிறாளா பாருங்கள். கால் விரல் அடியிலும் அப்படியே. மூன்று மூட்டுகளில் வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இதில் ஏதாவது ஒன்று பட்டாலும் மதுரைக்கு அனுப்பிவிடுங்கள். வாத நோய் மருத்துவர்கள் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார்கள். அழுத்தி வலிக்கவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதாலும் ஆகிவிடாது. நோய் இருக்கிறவர்களிலேயே கணிசமான பேருக்கு அந்த டெஸ்ட் நெகட்டிவ்தான் வரும், அம்மாவே சாட்சி.

இதை இன்றைக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் அடுத்த தெருவில் ஒரு பெண், 31 வயது. இரண்டாவது பிள்ளைக்கு நாலு மாதம் ஆகிறது. மூன்று வாரமாகக் காலையில் பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியவில்லை என்றாள். வளையலைக் கழற்றச் சொன்னேன். மொளியில் இடித்து நின்றது. பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் இந்த நோய் தலைகாட்டுவது உண்டு என்று படித்திருப்பதால் நேராக மதுரைக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். அவள் மாமியார், "பிள்ளை பெத்த ஒடம்பு, வாயுதான். முதல்ல நம்ம டாக்டர்கிட்ட காட்டுவோம், அப்புறம் பாப்போம்" என்கிறார். அந்தம்மா உங்களை அவ்வளவு நம்புகிறார்.

இந்த வாரத்தில் ஏதோ ஒரு சாயங்காலம், ஏழு மணி வாக்கில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உங்களில் ஒருவரிடம் அவள் வருவாள். அந்த நேரத்தில் கை நன்றாக மடங்கும். காலையில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
வலையங்குளத்திலிருந்து, பூக்கட்டிய ஒரு அம்மாவின் மகள்