மூச்சு முட்டிய கடல்

அன்புள்ள மூர்த்தி,

எனக்குப் பதில் எழுத வணங்காது என்று நீ சங்கரியிடம் புலம்பியது காதுக்கு வந்தது. வீட்டில் எல்லாரும் சுகம். மாமனாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இப்போது என் நரைமுடியை எண்ணிக்கொண்டிருக்கிறார். போதுமா?

இமயமலை ஸ்பிதி படங்கள் பார்த்தேன். பாதிக்கு மேல் உன் மூஞ்சிதான். அங்கே ‘பின்’ என்கிற ஆற்றின் பள்ளத்தாக்கில் முத் என்கிற ஊரில் மூச்சு முட்டி ஆக்சிஜன் கேட்டதாக எழுதியிருந்தாயே, அங்கே உன் முதுகுக்குப் பின்னால் இருந்த பாறை என்ன தெரியுமா? கடலடிச் சேறுடா. கீழே கறுப்புக் களிப்பாறை, நடுவில் துரு நிறத்தில் மெல்லிசாக ஒரு அடுக்கு, மேலே சுண்ணாம்புக்கல். அந்தத் துரு அடுக்கை ஒட்டித்தான் பெர்மியன் என்கிற புவியியல் காலம் முடிகிறது. 25.2 கோடி வருஷத்துக்கு முன்னால் கடலில் இருந்த இனங்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது காலி. சுமார் 27 கோடி வருஷம் தாக்குப்பிடித்த டிரைலோபைட் என்கிற ஓட்டுக் கடல்பிராணியும் அதோடு சரி. இதை விட்டுவிட்டு நீ மோமோவைப் படம் எடுத்திருக்கிறாய்.

எப்படி நடந்தது என்றால், அப்போது சைபீரியாவில் எரிமலைக் குழம்பு நிலக்கரிப் படிவங்களைத் துளைத்துக்கொண்டு கிளம்பியது. கரியமில வாயு ஏறி, கடல் சூடானது. வெயிலில் வைத்த கோலி சோடாவில் வாயு நிற்குமா? கடலும் அப்படித்தான். போதாததற்கு, மேலே வெந்நீரும் கீழே குளிர்நீரும் கலக்காமல் பிரிந்து நின்றுவிட்டால் ஆழத்துக்குப் புதுக்காற்று இறங்காது. 2018இல் ஜஸ்டின் பென், கர்ட்டிஸ் டாய்ச் என்கிற ஆய்வாளர்களின் குழு கணினியில் போட்டுப் பார்த்ததில், கடல் ஆக்சிஜனில் முக்கால் பங்கு போய்விட்டது. கொடுமை என்னவென்றால், சூட்டில் பிராணிக்கு ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். அந்த நேரம் பார்த்து வரத்து குறைகிறது. வெப்பமண்டலத்துப் பிராணி துருவப் பக்கம் ஓடிப் பிழைக்கலாம். துருவத்தில் இருந்தது எங்கே ஓடும்? அழிவு அங்கேதான் அதிகம் என்று கணக்கு சொன்னது. புதைபடிவங்களும் அதையே சொல்கின்றன.

சில இடங்களில் அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெயில் படுகிற மேல்மட்டம் வரை வந்திருக்கிறது. அந்த வாயுவும் வெளிச்சமும் சேர்ந்து இருந்தால் மட்டும் வாழ்கிற பாக்டீரியாவின் மிச்சம் சீனாவின் மெய்ஷான் பாறையில் கிடைத்திருக்கிறது.

“அது அந்தக் காலம்” என்பாய். சரி, இந்தக் காலத்துக் கணக்கு: 1960இலிருந்து ஐம்பது வருஷத்தில் கடல் ஆக்சிஜன் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. இவ்வளவுதானா என்று சிரிக்காதே. சராசரி என்பது பெரிய பொய்யன். நம் ஹாஸ்டல் மெஸ் கணக்கு மறந்துவிட்டதா? சில இடங்களில் இழப்பு இதைப்போலப் பல மடங்கு. அரபிக்கடலில் சுமார் 150 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை இப்போதே ஆக்சிஜன் இல்லாத குறைதான். வங்கக்கடலின் நடு ஆழத்தில் துளித்துளியாக மிச்சம் இருக்கிறது. அந்தத் துளியும் போனால் நைட்ரேட்டைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் ஓங்கிவிடும் என்று 2017இல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

பெர்மியன் நாளைக்கே திரும்பி வரும் என்று நான் சொல்லவில்லை. முக்கால் பங்குக்கும் 2 சதவீதத்துக்கும் நடுவே எவ்வளவோ தூரம். ஆனால் அந்தப் பெரிய சாவு, மெய்ஷான் பாறைக் கணக்குப்படி, ஏறக்குறைய 60,000 வருஷத்துக்குள் முடிந்தது. நாம் ஐம்பது வருஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். இதைச் சொன்னால் சங்கரி, “முதலில் கேஸ் சிலிண்டர் பதிவு பண்ணு” என்கிறாள்.

உன் மச்சினன் இன்னும் கொச்சியில் போட் வைத்திருக்கிறான்தானே? தென்மேற்குப் பருவத்தில் அந்தக் கரையோரம் ஆக்சிஜன் குறைந்த அடித்தண்ணீர் மேலேறி வரும். செப்டம்பர், அக்டோபரில் வலையை எந்த ஆழத்தில் போடுகிறான், அடிமட்டத்து மீன் கரைப்பக்கம் ஒதுங்குகிறதா, முன்பு இப்படி இருந்ததா என்று கேட்டு எழுது. கட்டைவிரல் படம் அனுப்பித் தப்பிக்கப் பார்க்காதே.

அன்புடன்,
ராகவன்