ஷோரூம் காருக்கும் ஒரு வரிசை விடுங்கள், டத்தோ

மதிப்புக்குரிய கார்ப் பந்தயச் சங்கத் தலைவர் டத்தோ அவர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு ஆறு மணி நேர நெடுந்தூரக் கார்ப் பந்தயத்துக்காக நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் எங்கள் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது. நுழைவுக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக் கூப்பனுக்கும் நடுவில் ஒரே ஒரு வரி: ஸ்டாண்டர்ட் உற்பத்திக் கார்ப் பிரிவு இவ்வாண்டு முதல் கிடையாது. ஏன் என்று எழுதவில்லை. செயலவைக் கூட்டத்தில் என்ன பேசினீர்கள், யார் கேட்டு இது நடந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. போன் போட்டபோது அலுவலகத்தில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "வேக வித்தியாசம் ஜாஸ்தி அங்கிள், சேஃப்டி" என்றார். அதோடு சரி.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஷோரூமிலிருந்து வெளியே வந்தபடியே ஓடும் காருக்கென்று இருந்த பிரிவைத் திரும்பக் கொடுங்கள்.

உங்களுக்குத் தெரியாத வரலாறு இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்த மாதிரிப் பந்தயத்துக்கெல்லாம் மூத்தது என்று நாம் பேசுகிற பதர்ஸ்ட் பந்தயம் 1960 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில், ஆம்ஸ்ட்ராங் 500 என்ற பெயரில் தொடங்கியது. ஆம்ஸ்ட்ராங் என்பது ஷாக் அப்சார்பர் செய்த கம்பெனி. 500 மைல், அதாவது 800 கிலோமீட்டருக்கும் மேல். அந்த நாட்டிலேயே தயாரித்த அல்லது பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய கார், கடையில் யார் வேண்டுமானாலும் போய் வாங்கக்கூடிய கார், அப்படியே ஓட வேண்டும். முதல் வருடம் ஜெயித்தது ஒரு வாக்ஸ்ஹால் கிரெஸ்டா. பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகிற கார் அது.

கார்கள் ஓடி ஓடித் தீவின் தார் பெயர்ந்துபோனதால், 1963-இல் பந்தயம் பதர்ஸ்ட் ஊரின் மலைக்கு மாறியது. அந்த மலைப்பாதை இன்றைக்கும் பொதுச் சாலை. பந்தயம் இல்லாத நாளில் ஊர்க்காரர்கள் அதே சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்துக்குள் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே போன பிறகு பிரிவுகளை எப்படிப் பிரித்தார்கள் தெரியுமா? காரின் விற்பனை விலையை வைத்து. மலிவுக் கார் மலிவுக் காரோடு மோதட்டும், விலை கூடினது அதற்குச் சமமானதோடு மோதட்டும் என்று. அப்படி ஒழுங்கு வைத்திருந்த பந்தயத்தில்தான் 1966-இல் மினி கூப்பர் எஸ் என்கிற குட்டிக் கார் பெரிய பெரிய கார்களைப் பின்னால் தள்ளி முதல் ஒன்பது இடத்தையும் பிடித்தது. எந்தக் காரில் பிரேக் முதலில் போகும், எதில் கியர்பாக்ஸ் அலறும் என்று ஊருக்கே வெட்டவெளிச்சமாகிவிடும். மறுநாள் ஷோரூமுக்குப் போகிறவன் அதை மனதில் வைத்துத்தான் காசை எண்ணிக் கொடுப்பான்.

அவர்களும் பிறகு அந்த வழியை விட்டார்கள், உண்மைதான். பந்தயத்தில் ஜெயிப்பதற்கென்றே கம்பெனிகள் படுவேகக் கார்களைச் செய்து ஷோரூமில் வைக்க ஆரம்பித்தன. மணிக்கு 160 மைல் போகும் கார்கள் சாலைக்கு வரப்போகின்றன என்று 1972-இல் பத்திரிகைகள் கொதித்தன. மறுவருடம் காரை மாற்றியமைக்க விதி இடம் கொடுத்தது, தூரமும் 1000 கிலோமீட்டர் ஆனது. சரி, அவர்களுக்கு ஒரு காரணம் இருந்தது. 1.3 லிட்டர் புரோட்டான் சாகாவைப் பார்த்து நம் மலேசியாவில் எந்தப் பத்திரிகை கொதிக்கப் போகிறது, டத்தோ?

அந்தச் சாகாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவனுடைய கார் அது. 2010-ஆம் ஆண்டு மாடல், கேம்ப்ரோ இன்ஜின். அவன் அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்துக் கடன் கட்டிமுடித்த கார். சந்தை, கோயில், கிளினிக், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், எல்லாவற்றுக்கும் அதுதான். போன வருடம் உங்கள் விதிப்புத்தகத்தில் ஸ்டாண்டர்ட் பிரிவுக்குக் காருக்குள் இரும்புக் கூண்டு கட்டாயம் என்று இருந்தது. நியாயமான விதி. கார் உருண்டால் உயிர் நிற்பது அந்தக் கூண்டால்தான். பையன்கள் கூட்டுப் பணத்தை, அதாவது சீட்டுப் பணத்தை, முன்கூட்டியே எடுத்துக் குழாய் வாங்கினார்கள். வேலை முடிந்து, கடையின் முன் கதவைப் பாதி இறக்கிவிட்டு, கூரைக்கும் தூணுக்கும் இடையே அட்டையை வெட்டி வெட்டி அளவு பார்த்து, வளைத்து, பற்றவைத்தார்கள். ஒரு மூட்டில் வெல்டிங் குமிழ் விட்டிருந்தது. நான் சொல்வதற்கு முன்னால் அவர்களே கிரைண்டர் போட்டு அறுத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். அந்த வேலையை உங்கள் ஆய்வாளர்கூட ஒரு குறை சொல்லாமல் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது அந்தக் கார் இரண்டுக்கும் ஆகாமல் நிற்கிறது. பந்தயத்தில் அதற்குப் பிரிவு இல்லை. ரோட்டில் எடுக்கவும் முடியாது. உள்ளே கூண்டு வைத்த காரைச் சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜே கண்டால் சும்மா விடுவார்களா? பின்கதவைத் திறந்தால் உட்கார இடம் கிடையாது, குறுக்கே குழாய்தான். கழற்றிய பின்சீட் அவன் வீட்டு ஹாலில் கிடக்கிறது. அவன் அம்மா அதன்மேல் துணி மடித்து வைக்கிறார். கிளினிக்குக்குப் போக இப்போது பக்கத்து வீட்டாரைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் மகனை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "எப்பய்யா ரேஸ்?" என்று மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்? டத்தோவைக் கேளுங்கள் அக்கா என்று சொல்லலாம். மரியாதைக்குறைவாக இருக்குமே என்று சொல்லவில்லை.

இனி இருக்கிற பிரிவுகளில் மிகக் கீழானதற்கே ஏற்றி இறக்கும் பந்தய சஸ்பென்ஷன் வேண்டும், வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயர் வேண்டும். ஒரு செட் டயர் வாங்கினாலே அவன் சம்பளம் போய்விடும். ஆறு மணி நேரம் ஓட ஒரு செட் போதாது என்பது உங்களுக்கும் தெரியும். போதாக்குறைக்கு, தகுதிச் சுற்றில் வேகமான காரின் நேரத்தை ஒட்டி வர வேண்டுமாம். சாகாவைத் தள்ளுவதற்கு நேராகச் சாகா வேண்டாம் என்றே எழுதியிருக்கலாம்.

வேக வித்தியாசம் ஆபத்து என்கிறீர்கள். ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 1970 முதல் 24 மணி நேரப் பந்தயம் நடக்கிறது. ஒரு சுற்று 25 கிலோமீட்டர், ராத்திரியில் மூடுபனி, திடீர் மழை. அங்கே போர்ஷே, பிஎம்டபிள்யூ ஜிடி3 பந்தயக் கார்கள் பறக்கும் அதே தடத்தில் ஒரு டாசியா லோகனும் ஓடியிருக்கிறது. டாசியா லோகன் என்றால் ஐரோப்பாவின் சாகா என்று வைத்துக்கொள்ளுங்களேன். உற்பத்திக் கார்களுக்கென்று தனி வகுப்புகளும் அங்கே உண்டு. எப்படிச் சமாளிக்கிறார்கள்? ஓட்டுநருக்குப் பயிற்சியும் பெர்மிட்டும் கட்டாயம், பின்னால் வேகமான கார் வருகிறது வழி விடு என்று காட்டும் நீலக் கொடி, கண்ணாடியைப் பார்க்கிற பழக்கம். எங்கள் பையன்களுக்கும் கண்ணாடி இருக்கிறது. நீலக் கொடி தெரியும். வகுப்பு நடத்துங்கள், தேர்வு வையுங்கள், தேறாதவனைத் திருப்பி அனுப்புங்கள். யாரும் மறுக்க மாட்டோம்.

அப்புறம், ஸ்டாண்டர்ட் காரை ஆறு மணி நேரம் ஓட்டுவது சும்மா விஷயமில்லை. சாகாவுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வளைவுக்கு வளைவு கடைசி நிமிடத்தில் பிரேக்கை மிதித்தால் பிரேக் எண்ணெய் கொதிக்கும், பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. முதலில் எங்கள் பையனும் அப்படித்தான் மிதித்தான். காரைச் சரிபார்க்கும் பிட்டுக்குள் வந்தபோது பிரேக் பேட் ரொட்டி பிஸ்கட் மாதிரி வெடித்திருந்தது. பிறகுதான் முன்கூட்டியே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, காரை உருள விட்டு, மென்மையாகத் திருப்பக் கற்றான். அதே பையன் இன்றைக்குக் கஸ்டமர் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "வலப்பக்கம் முன்சக்கர பேரிங் போகப்போகுது அண்ணே" என்கிறான். கழற்றிப் பார்த்தால் அவன் சொன்னது சரியாக இருக்கிறது. இதைக் கற்றுக்கொடுக்கிற கல்லூரி எங்கள் ஊர்ப்பக்கம் ஒன்றும் இல்லை. உங்கள் பந்தயம்தான் இருந்தது.

எங்கள் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுற்றிலும் செம்பனை. தோட்டத்துப் பிள்ளைகள் பந்து விளையாடிய திடல்களில் எத்தனை மிச்சம் என்று யாராவது வந்து பார்த்தால் தெரியும். ராத்திரி ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் பிடித்துச் சம்மன் எழுதி, "சர்க்கியூட்டுக்குப் போய் ஓட்டு" என்று அறிவுரை சொல்லி அனுப்புகிறது. நல்ல அறிவுரைதான். சர்க்கியூட்டுக்குப் போனால் நீங்கள், "ஸ்லிக் டயரோடு வா" என்கிறீர்கள். நடுவில் தேர்தல் வந்தால் இந்திய இளைஞர்களை வழிதவறாமல் காக்க வேண்டும் என்று மேடையில் ஒருவர் அழுகிறார், அரிசிப் பொட்டலம் கொடுக்கிறார், போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார். தீபாவளிக்கு மறுபடி வருவார். 1968-இல் பத்து தீகா சர்க்கியூட் திறந்த காலத்தில் தோட்டத்து லோரியில் தொற்றிக்கொண்டு போய் வேலியோரம் நின்று பந்தயம் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தடமும் போய், அங்கே இப்போது வீடுகள். போன வருடம் உங்கள் பந்தயத்துக்கு வந்தபோது விஐபி கூடாரத்தில் ஏர்கான் பார்த்தேன். வெளிநாட்டுக் கார்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கக் கம்பளம்கூட விரித்திருந்தீர்கள். தாங்குதிறன் பந்தயத்தில் தாங்க வேண்டியது கார் என்று நினைத்திருந்தேன். பாக்கெட் என்று இப்போது புரிகிறது.

சரி, திடலும் தேர்தலும் உங்கள் சங்கத்தின் பொறுப்பல்ல. கோபத்தில் பேனா அந்தப் பக்கம் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொறுப்பில் இருக்கிற ஒன்றை மட்டும் தாழ்மையோடு கேட்கிறேன்: ஷோரூம் காருக்கான பிரிவைத் திரும்பக் கொடுங்கள்.

எப்படி நடத்துவது என்று கேட்டால், கஷ்டமே இல்லை. காரின் விலைக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். கூண்டு, பந்தய பெல்ட், தீயணைப்பான் கட்டாயம். டயர் ரோட்டில் ஓட்ட அனுமதியுள்ளதாக இருக்கட்டும். பிரேக் பேடும் பிரேக் எண்ணெயும் மட்டும் நல்லதாகப் போட்டுக்கொள்ள விடுங்கள், அதுவும் சேஃப்டிதான். மற்றபடி கம்பெனி பொருத்திய சாமானைத் தவிர வேறு எதுவும் கூடாது. தகுதி நேரத்தை அந்தந்தப் பிரிவுக்குள்ளேயே பாருங்கள். திருட்டுத்தனமாக இன்ஜினை மாற்றிவிடுவார்கள் என்று பயமா? ஜெயித்த காரை அங்கேயே பிரித்துப் பாருங்கள், நாங்களே ஸ்பேனர் கொண்டு வருகிறோம். அமெரிக்காவில் 2006-இல் தொடங்கிய லெமன்ஸ் என்கிற ஓட்டைக் கார்ப் பந்தயத்தில், எந்தக் காரையும் 500 டாலர் கொடுத்து ஏற்பாட்டாளர்களே வாங்கிக்கொள்ளலாம் என்று விதி. ரகசியமாகக் காசைக் கொட்டினவனுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. நீங்களும் அப்படி ஒரு விதி போடுங்கள். எங்கள் சாகாவை வாங்கிக்கொண்டாலும் சரி. பின்சீட்டை மட்டும் அக்காவிடம் கேட்டுத்தான் தர வேண்டும்.

நுழைவுப் பாரம் மூடுவதற்கு முன் செயலவை இன்னொரு முறை கூடும் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கூட்டத்தில் இந்தப் பிரிவை மறுபடி எடுத்துப் பேசும்படி மிகப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் அதையும் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். போனில் சேஃப்டி என்று ஒரு சொல் போதாது. பையன்களை அழைத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னாலும் வருகிறோம். வேலை நாளாக இருந்தால் மட்டும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், கஸ்டமர் கார்களை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இப்படிக்கு,
பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ஒரு பட்டறைக்காரன்