படகு வரும் சேதி எங்களுக்கும் வரட்டும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பகுதிகளில் இறால், நண்டு பதப்படுத்தும் கம்பெனி நடத்தும் முதலாளிமார்களுக்கும், அங்கே ஷிப்ட் போடும் மேலாளர்களுக்கும், சூப்பர்வைசர்களுக்கும் வணக்கம்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வரும் நண்டை வைத்துத்தான் கொஞ்சம் வேலை ஓடுகிறது. உங்களுக்கும் இப்போது நேரம் இருக்கும் என்றுதான் எழுதுகிறேன். கடல் திறந்துவிட்டால் நின்று பேச யாருக்கும் நேரமிருக்காது.

சொல்ல வந்தது ஒரே விஷயம். சரக்கு எப்போது வரும், எவ்வளவு வரும், அல்லது வரவே வராது என்ற சேதி உங்களுக்குத் தெரிகிற அதே நேரத்தில் எங்களுக்கும் தெரிய வேண்டும். இன்றைக்கு இந்தக் கரையில் அது கடைசியாகத் தெரிவது, உட்கார்ந்து இறால் உரிக்கிற, நண்டுச் சதை எடுக்கிற பெண்களுக்குத்தான்.

உங்களுக்கு அது முன்கூட்டியே தெரியும் என்பதை நாங்கள் அறிவோம். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகின்றன. மறுநாள் காலை சரக்கோடு திரும்புகின்றன. காற்று பலமாக இருக்கும் என்று வானிலை ஆய்வு மையம் எச்சரித்தால் கடலுக்குப் போக மீன்வளத் துறை கொடுக்கும் அனுமதிச் சீட்டான டோக்கன் கிடைக்காது. டோக்கன் இல்லையென்றால் படகு இல்லை, படகு இல்லையென்றால் மறுநாள் இறால் இல்லை. இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைப் பிடித்துப் போய், இங்கே சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தாலும் அப்படித்தான். இவையெல்லாம் நள்ளிரவில் திடீரென்று முளைக்கும் சேதிகளா? நாட்டுப்படகு நண்டிலும் இதே கதைதான். கரையில் எடை போட்டதும் ஏஜெண்ட் முதலில் போன் போடுவது கம்பெனிக்கு. லோடு வண்டி கிளம்பும்போதே எத்தனை கிலோ என்று உங்கள் மேஜைக்கு வந்துவிடுகிறது.

கடலுக்குள் இருக்கிறவருக்கே இன்று சேதி போகிறது. பாம்பனில் கடல் ஓசை சமுதாய வானொலி 2016 முதல் மீனவர்களுக்காக 90.4 எஃப்.எம்-இல் ஒலிக்கிறது. காற்று, அலை பற்றிய எச்சரிக்கை கைபேசியில் வருகிறது, பெரிய படகுகளில் வயர்லெஸ் இருக்கிறது. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் அடுத்த நிமிடம் ஊரே பேசுகிறது. இத்தனையும் இருக்கிற கரையில், கம்பெனியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி வேதாளையிலும் மரைக்காயர்பட்டினத்திலும் இருக்கிற பெண்ணுக்கு நாளை வேலை உண்டா என்பது வேன் ஹார்ன் அடிக்கும்போதுதான் தெரிகிறது.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ராத்திரி ஒரு மணி தாண்டி வேன் தெருமுனையில் நின்று ஹார்ன் அடித்தது. "அக்கா, லோடு வந்துருச்சு, ஏறுங்க" என்றார் டிரைவர். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அப்படியே தூக்கிப் பக்கத்து வீட்டு லாத்தாவிடம் கொடுத்துவிட்டு, வேனில் உட்கார்ந்துதான் தலையை முடிந்தாள். போய்ப் பார்த்தால் லோடு வரவில்லை. வண்டி வழியில் நிற்கிறது என்றார்கள். காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு ஷெட் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். விடிந்த பிறகு, வருகிற லோடு வேறு கம்பெனிக்குப் போய்விட்டது, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். எங்களுக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. உரிக்காத இறாலுக்குக் கூலி கிடையாது. அன்றைக்குக் குழாயில் காவிரித் தண்ணீர் வரும் நாள், அவள் திரும்பி வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கினாள்.

அதே பெண் இன்னொரு நாள் மாமியாரை ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். அன்று பார்த்து மதியம் லோடு வந்துவிட்டது. மறுநாள் அவள் வேலைக்குப் போனால், "நேத்து எங்க போனே? ஆள் போட்டாச்சு" என்று திருப்பி அனுப்பினார்கள். வர முடியாது என்று சொல்ல அவளுக்கு வழியே இல்லை. யாரிடம் சொல்வது? சூப்பர்வைசர் எண் எங்களில் பாதிப் பேரிடம் கிடையாது.

நேரம் காலம் பார்த்து ஷிப்ட் போட முடியாத தொழில் இது என்பது எனக்கும் தெரியும். வாடைக் காலத்தில் ஒரு மாதிரி, ஆடிக் காற்றில் வேறு மாதிரி. இறாலும் நண்டும் காத்திருக்காது, ஐஸ் கரைந்தால் தரம் போய்விடும். அதனால் தினமும் எட்டு மணிக்கு ஆரம்பித்து ஐந்து மணிக்கு முடியுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. நேரம் மாறட்டும். மாறுவதை உடனே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், எந்த நேரத்துக்கு வேலை என்று பார்வையில் படும்படி எழுதி வைக்கச் சொன்னது. இரவு 7 மணிக்குப் பிறகு காலை 6 வரை பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. மீன் பதப்படுத்தும் ஆலைகளுக்கு மட்டும், சரக்கு கெட்டுவிடும் என்ற காரணத்துக்காக மாநில அரசு விதிவிலக்கு தரலாம் என்று அந்தச் சட்டமே வழிவிட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெண்கள் அந்த நேரத்தில் வேலை செய்யலாம், ஆனால் அவர்களுடைய சம்மதம் வேண்டும் என்கிறது. சம்மதம் என்றால் முதலில் கேட்க வேண்டும். யோசிக்கவும், வீட்டில் பேசவும், பிள்ளைக்கு ஏற்பாடு செய்யவும் அவகாசம் வேண்டும். நள்ளிரவில் தெருமுனையில் ஹார்ன் அடித்துவிட்டு, ஏறியவர்கள் எல்லாம் சம்மதித்தவர்கள் என்று எழுதிக்கொள்வது நியாயம் இல்லை.

சரி, எப்படிச் சொல்வது? உடனே பலரும் சொல்வது, ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கிவிடலாம் என்பதுதான். எங்கள் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் தொடங்கினார்கள். காலை வணக்கப் படங்கள், பிறந்தநாள் வாழ்த்து, யாரோ அனுப்பிய மருத்துவக் குறிப்பு, அதற்கு நடுவே "நாளை 5 மணி" என்று ஒரு வரி. அதை யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று தெரியவில்லை. அதைவிட மோசம், குரூப்பில் இருந்த பெண்களின் எண்ணெல்லாம் எல்லார் கைக்கும் போனது. சம்பந்தமில்லாத ஆண்கள் ராத்திரியில் கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டில் சண்டை வந்து இரண்டு பெண்கள் வேலையையே விட்டார்கள். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். எங்கள் ஊர்களில் ஒரு பெண் வேலைக்குப் போவதும் போகாததும் இப்படிப்பட்டவற்றில்தான் முடிவாகிறது.

அதனால் குரூப் வேண்டாம், அதே வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது, பதில் அனுப்பினால் கம்பெனிக்கு மட்டும் போகும். கம்பெனி எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே முதல் நாள் ஷெட்டிலேயே உட்கார வைத்து ஒவ்வொருவர் போனிலும் எண்ணைப் பதிந்து கொடுத்துவிடுங்கள். அந்த எண் கம்பெனியுடையதாக இருக்கட்டும், சூப்பர்வைசரின் சொந்த எண்ணாக இருக்க வேண்டாம். முடிந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வையுங்கள்.

எழுத்தில் அனுப்புவதோடு குரலிலும் அனுப்புங்கள். எங்களில் வாசிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், வயதானவர்களுக்குச் சின்ன எழுத்து தெரியாது. அரை நிமிடம் பேசினால் போதும். "நாளை செவ்வாய். இறால் பிரிவு காலை ஆறு மணி. முப்பது பேர் வேண்டும். வேன் சீனியப்பா தர்காவில் ஐந்தேகால், வேதாளையில் ஐந்தரை. வருகிறவர்கள் ஒன்று என்ற எண்ணை அனுப்புங்கள், வராதவர்கள் இரண்டு என்ற எண்ணை அனுப்புங்கள்." இந்தச் சேதி சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தால் ராத்திரி உலை வைப்பதிலிருந்து விடியற்காலை பிள்ளையை எழுப்புவது வரை எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அப்புறம், ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகள். போன் இருக்கும், ஆனால் அது வீட்டுக்காரரோடு கடலுக்குப் போயிருக்கும். அல்லது பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் கையில் இருக்கும். இப்படிப்பட்ட பெண்களுக்குத் தெருவுக்கு ஒருவரைப் பொறுப்பாக வைத்து நேரில் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பொறுப்பாளருக்குப் போன் ரீசார்ஜ் காசையாவது கம்பெனி கொடுக்கட்டும். போன் இல்லை என்பதற்காக ஒருத்தியின் பெயர் பட்டியலிலிருந்து மெல்ல மறைந்துபோகக் கூடாது. இந்த ஏற்பாட்டில் எனக்குள்ள பெரிய பயமே இதுதான். முதலில் பதில் போடுகிறவளுக்கே வேலை என்று ஆகிவிட்டால், நல்ல போன் வைத்திருக்கும் இளம்பெண்களுக்கு வேலை கிடைக்கும், இத்தனை வருடம் ஐஸ் தண்ணீரில் கை விட்டு விரல் மரத்துப்போன அக்காமார் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே முறை வைத்துக் கூப்பிடுங்கள். நேற்று வந்தவர் இன்று ஓய்வு, நேற்று விடுபட்டவர் இன்று முதலில். அந்த முறைப் பட்டியலை ஷெட் வாசலில் ஒட்டுங்கள்.

லோடு வராது என்று தெரிந்தால் வேன் கிளம்பும் முன் சொல்லிவிடுங்கள். சொல்லத் தவறி, ஆளைக் கூட்டி வந்து உட்கார வைத்துத் திருப்பி அனுப்பினால் காத்திருந்த நேரத்துக்கு ஒரு தொகை கொடுங்கள். எவ்வளவு என்பதைப் பேசி முடிவு செய்யலாம். அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால்தான் சேதி சொல்லும் பொறுப்பு யாருக்கும் மறக்காது.

இதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது. முப்பது பேர் வேண்டிய இடத்தில் பதினெட்டுப் பேர் வந்து, ஐஸ் மேல் ஐஸ் கொட்டிக்கொண்டு சரக்கைக் காப்பாற்றப் போராடும் நாட்களை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். மறுநாள் வருவோம் என்று உறுதி சொன்னவர்கள் எத்தனை பேர் என்று ராத்திரியே தெரிந்துவிட்டால் எத்தனை கிலோ எடுப்பது, எவ்வளவு ஐஸ் சொல்வது, எத்தனை வேன் அனுப்புவது என்று கணக்குப் போட்டுவிடலாம். வர முடியாதவள் முன்னாலேயே சொன்னால் மாற்று ஆள் தேட நேரம் கிடைக்கும். அவள் சொன்னதற்காக மறுநாள் வேலையை வெட்டாமல் இருந்தால் மட்டுமே இது நடக்கும். பயம் இருக்கும் இடத்தில் யாரும் இரண்டு என்று பதில் போட மாட்டார்கள், பேசாமல் நின்றுவிடுவார்கள்.

ஜூன் 15-இலிருந்து மறுபடி படகு இறங்கும். அதற்கு முன் கம்பெனிக்கு ஒரு நாள் எங்களைக் கூப்பிடுங்கள். எண்களை வாங்கிப் பட்டியல் போடவும், எந்தத் தெருவுக்கு யார் பொறுப்பு என்று பிரிக்கவும் ஒரு மதியம் போதும். மண்டபம் பக்கத்துப் பெண்களை நான் அழைத்து வருகிறேன். இந்த மாதத்திலேயே ஒரு தேதியைச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மண்டபம் பகுதியில் இறால், நண்டு வேலை பார்க்கும் ஒரு பெண்